காட்சிக்குக் கிராண்ட் கிடையாது: ஏரிக்கரை கோல்ஃப் குடியிருப்பில் வீடு வாங்கப்போகிறவர்களுக்கு

ஏரிக்கரை வீட்டைக் காட்ட வரும் ஏஜெண்ட் சமையலறையையோ குளியலறையையோ முதலில் காட்டமாட்டார். நேராகப் பின்பக்கம் போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளிவிடுவார். எதிரே தண்ணீர், அதற்கு அப்பால் சீவிவிட்ட மாதிரி புல், தூரத்தில் கோல்ஃப் பக்கி வண்டியில் போகும் இரண்டு பேர். பத்து விநாடிக்கு யாரும் பேசமாட்டார்கள். பாதி வியாபாரம் அதிலேயே முடிந்துவிடும். எங்களுக்கும் அப்படித்தான் முடிந்தது. என் வீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்த பார்வையிலேயே, இனி இந்த ஆள் விலை பேசமாட்டான் என்று ஏஜெண்டுக்குத் தெரிந்துபோனது.

வாங்கிச் சில வருஷம் ஆகிறது. வருத்தம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் சில விஷயங்களை வாங்கும் முன்பே யாராவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதில் முதலாவது இது: உங்கள் கைக்கு வரும் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், லோட் எண் இருக்கும், பரப்பளவு இருக்கும், அந்தக் காட்சி இருக்காது. ஏரி ஒருவருடையது, புல்வெளி இன்னொருவருடையது, சில இடங்களில் வாசலில் ஓடும் சாலைகூட நம்முடையதில்லை. காட்சிக்காகத்தான் கூடுதல் விலை கொடுக்கிறோம். அதனால் அந்தக் காட்சி யார் கையில் இருக்கிறது என்று பார்ப்பதிலிருந்துதான் வேலை தொடங்குகிறது.

முதலில் தண்ணீர்

கோலாலம்பூரைச் சுற்றியுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் நாம் ஏரி என்று சொல்வதில் பல, வெள்ளீயம் தோண்டிய பழைய ஈயக்குட்டைகள். செரி கெம்பாங்கானில் இருக்கும் மைன்ஸ் ஏரியின் பெயரே கதையைச் சொல்லிவிடும். உலகத்திலேயே பெரிய திறந்தவெளி ஈயச் சுரங்கம் என்று பேர் வாங்கிய ஹோங் ஃபாட் சுரங்கத்தின் குழிதான் அது. அங்குள்ள கோல்ஃப் திடலில் 1999-இல் உலகக் கோப்பைப் போட்டி நடந்தது, டைகர் வூட்ஸ் வந்து விளையாடினார். மண் வாரிய இடத்தில் மாளிகைகள் வந்துவிட்டன. அடியில் இருக்கும் மண் மட்டும் அதே மண்தான்.

ஈயம் அலசிய பிறகு மிஞ்சும் மணலும் சேறும் கொட்டி நிரப்பிய நிலம் வருஷக்கணக்கில் அமுங்கிக்கொண்டே இருக்கும். வீட்டுக்கு அடியில் பைலிங், அதாவது ஆழத் தூண்கள், இறக்கியிருப்பார்கள், அதனால் வீடு நிற்கும். கார் நிறுத்தும் போர்ச், பின்னால் பிறகு இழுத்துக் கட்டிய சமையலறை, சுற்றியுள்ள கால்வாய் இதற்கெல்லாம் பல இடங்களில் பைலிங் இருக்காது. ஆகவே வீட்டைப் பார்க்கப் போனால் வரவேற்பறையை விட்டுவிட்டு, வீடும் போர்ச்சும் சேரும் இடத்தில் குனிந்து பாருங்கள். ஒரு விரல் நுழையும் அளவுக்குப் பிளவு இருக்கிறதா? புதுச் சிமெண்ட் பூசி மறைத்திருக்கிறார்களா? கேட் தானாகச் சாய்ந்து திறந்துகொள்கிறதா? கால்வாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் ஓடுகிறதா, அங்கேயே நிற்கிறதா? ஏஜெண்ட் கொஞ்சம் முகம் சுளிப்பார். பரவாயில்லை, வாளியைக் கேட்டு வாங்குங்கள்.

ஈயக்குட்டையாக இல்லாவிட்டால் அது வெள்ளநீரைத் தேக்கிவைக்கும் குளமாக இருக்கலாம். அதற்கு வேலையே மழைக்காலத்தில் ஏறுவதும் பிறகு இறங்குவதும்தான். அதை யார் பராமரிக்கிறார்கள், நீர்ப்பாசன வடிகால் துறையா, நகராண்மைக் கழகமா, கிளப்பா என்று கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் ஆகாயத்தாமரை மூடினாலும் யாரும் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியதை யாரும் மறந்திருக்க முடியாது. அந்த வாரம் இந்த இடத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்பதைப் பக்கத்து வீட்டில் கேளுங்கள், ஏஜெண்டிடம் வேண்டாம்.

எனக்கு அதைச் சொன்னவர் திடலில் புல் வெட்டிக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், தோட்டம் போனதும் இந்த வேலைக்கு வந்துவிட்டாராம். நாங்கள் முதலில் பார்த்த வீடு வேறு, முனை வீடு, விலையும் கொஞ்சம் குறைவு. வெளியே நின்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் மெஷினை நிறுத்திவிட்டு வந்தார். "தம்பி, அந்த மின்சாரப் பெட்டிக்குப் பின்னால போய் சுவத்தைப் பாருங்க" என்றார். போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் ஒரு மங்கலான பழுப்புக் கோடு. முன்பக்கச் சுவர் முழுக்கப் புதுச் சாயம் அடித்தவர்கள், பெட்டிக்குப் பின்னால் தூரிகை நுழையாததால் விட்டுவிட்டிருக்கிறார்கள். அந்த வீட்டை அங்கேயே கைகழுவினோம்.

அப்புறம் புல்

கோல்ஃப் திடல் எப்போதும் திடலாகவே இருக்கும் என்று எந்தச் சட்டமும் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அது ஒரு நிறுவனத்தின் சொத்து. நிலத்தின் விலை ஏறும்போது பதினெட்டுக் குழியைவிட எட்டு அடுக்குமாடிக் கட்டடங்கள் லாபமாகத் தெரியும். நம் ஆட்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. புக்கிட் கியாராவில் இன்று கோல்ஃப் கிளப் இருக்கும் பக்கமெல்லாம் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். அங்கிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் நீளவீடுகளில் எத்தனை வருஷம் காத்துக்கிடந்தார்கள் என்பது ஊரறிந்த கதை. தோட்டம் திடலானது போல, திடலும் இன்னொன்றாகலாம்.

செய்யக்கூடியது இரண்டு. வீட்டின் நிலத்தோடு நிறுத்தாமல், திடல் நிலத்தின் பட்டாவையும் நில அலுவலகத்தில் தேடிப் பார்க்கச் சொல்லி லாயரிடம் கேளுங்கள். சின்னக் கட்டணம்தான். உரிமையாளர் யார், நிரந்தரப் பட்டாவா குத்தகையா, குத்தகை என்றால் எத்தனை வருஷம் மிச்சம், அடமானம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இரண்டாவது, உள்ளூர்த் திட்ட வரைபடம். அதில் அந்த நிலம் விளையாட்டு, திறந்தவெளி என்று குறிக்கப்பட்டிருக்கிறதா, குடியிருப்பு என்று இருக்கிறதா என்று நகராண்மைக் கழகத்தின் திட்டமிடல் பிரிவில் பார்க்கலாம். குடியிருப்பு என்று இருந்தால் அந்தக் காட்சிக்கு ஒரு காசு கூடுதலாகக் கொடுக்காதீர்கள். கோலாலம்பூரில் தாமான் ரிம்பா கியாரா பொதுப் பூங்காவில் கட்டடம் எழுப்பக் கொடுத்த அனுமதி செல்லாது என்பதை 2023-இல் கூட்டரசு நீதிமன்றம் உறுதிசெய்தது. அதுவும் குடியிருப்பாளர்கள் பல வருஷம் வழக்காடிய பிறகுதான். தனியார் திடலுக்கு அவ்வளவு பலம் இருக்கும் என்று நம்பி உட்காரக்கூடாது.

மூன்று தடவை போய்ப் பாருங்கள்

ஞாயிறு மதியம் இரண்டு மணிக்கு எல்லா வீடும் அழகாகத்தான் இருக்கும். வேலை நாளில் விடிகாலை ஆறரைக்கு ஒருமுறை போங்கள். முதல் ஆட்டக்காரர் வரும் முன் புல் வெட்டி முடிக்க வேண்டும், ஆகவே மெஷின்கள் இருட்டிலேயே கிளம்பிவிடும். அடுத்து, பலத்த மழை விட்ட அரை மணி நேரத்தில். மூன்றாவது, சனிக்கிழமை காலை, திடலில் கூட்டம் இருக்கும்போது.

சனிக்கிழமை பார்க்க வேண்டியது பந்து போகும் திசை. வலக்கைக்காரர்கள்தான் அதிகம், பழக்கமில்லாத வலக்கைக்காரர் ஓங்கி அடித்தால் பந்து வலப்பக்கம் வளைந்துகொண்டு போகும். முதல் அடி அடிக்கும் டீ மேடையில் நின்று குழி இருக்கும் பச்சைப் புல்தரையைப் பார்த்தால் உங்கள் வீடு வலப்பக்கம், சுமார் இருநூறு மீட்டர் தூரத்தில் இருந்தால் அதுதான் பந்து விழும் இடம். ஓடுகளை அண்ணாந்து பாருங்கள். இரண்டு மூன்று மட்டும் புது நிறத்தில் இருந்தால் விஷயம் விளங்கும். பின்தோட்டத்தில் பந்து கிடந்தால் எண்ணிப் பாருங்கள். எங்கள் காரின் முன்கண்ணாடி ஒரு பொது விடுமுறை நாளில் போனது. கிளப் அலுவலகத்தில் போய்ச் சொன்னேன். "திடல் பக்கத்தில் இருப்பது தெரிந்துதானே வாங்கினீர்கள்" என்று சிரித்த முகத்தோடு ஒரு படிவத்தை நீட்டினார்கள். யார் அடித்த பந்து என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அதை எப்படி நிரப்புவது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மேற்குப் பார்த்த ஏரி மாலையில் படம் பிடிக்க அழகு. தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயிலையும் சேர்த்து ஏர்கோன் பில் வரும். வாஸ்து பார்ப்பவர்கள் வடகிழக்கில் தண்ணீர் வேண்டும் என்பார்கள். நான் அவ்வளவு பார்ப்பதில்லை, ஆனால் வெயிலுக்காகவாவது அந்தப் பேச்சைக் கேட்பது நல்லது. உடும்பு வரும். பயப்பட வேண்டாம், கோழி வளர்க்காதீர்கள்.

வேலி இருந்தால் எல்லாம் ஒன்றல்ல

இதில்தான் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். வாசலில் ஜாகா எனப்படும் காவலாளியும் தடுப்புக் கம்பமும் இருக்கும் இடங்கள் இரண்டு வகை. ஒன்று ஸ்ட்ராட்டா பட்டா உள்ள குடியிருப்பு. சாலை, பூங்கா, காவல் சாவடி எல்லாம் வீட்டுக்காரர்களின் பொதுச்சொத்து. 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி நிர்வாகக் குழு இருக்கும். பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டியே ஆகவேண்டும், அதற்கு மேல் அதில் 10 சதவீதம் சிங்கிங் ஃபண்ட், அதாவது பெரிய பழுதுகளுக்கான சேமிப்பு. மாதம் 400 ரிங்கிட் என்றால் 440 கட்டுவீர்கள். தகராறு வந்தால் 250,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஸ்ட்ராட்டா நடுவர் மன்றத்துக்குக் கொண்டுபோகலாம், லாயர் தேவையில்லை.

மற்றது தனிப்பட்டா உள்ள தரைவீடுகள். சாலை பொதுச்சாலை. குடியிருப்பாளர் சங்கம் நகராண்மைக் கழக அனுமதியோடு காவல் போட்டிருக்கும். பணம் கட்டாதவரைச் சங்கம் அதிகம் ஒன்றும் செய்ய முடியாது. கோத்தா டாமான்சாராவில் டிவில்லா இக்வெஸ்ட்ரியன் குடியிருப்பில் கட்டணம் கட்டாத ஒருவர், தடுப்புக் கம்பத்தைத் தானே இறங்கித் திறக்க வேண்டியிருக்கிறது என்று வழக்குப் போட்டார். 2015-இல் கூட்டரசு நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. அதாவது சங்கம் அந்த அளவுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வழியை அடைக்க முடியாது. பாதிப் பேர் கட்டவில்லை என்றால் ஜாகாக்கள் குறைவார்கள். நீங்கள் கட்டும் பணம் மட்டும் குறையாது.

எது எந்த வகை என்பது விளம்பரத்தில் இருக்காது, பட்டாவில் இருக்கும். ஸ்ட்ராட்டா என்றால் கடைசிப் பொதுக்கூட்டத்தின் கணக்கறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். இரண்டு இடத்தை மட்டும் பார்த்தால் போதும்: வராத பாக்கி எவ்வளவு, சிங்கிங் ஃபண்டில் இருப்பு எவ்வளவு. பாக்கி பெரிது, இருப்பு சிறிது என்றால் லிஃப்ட் மாற்றவோ சாலை போடவோ உங்களிடம்தான் வருவார்கள்.

வீட்டு விதிகளையும் அப்போதே வாங்கிப் படியுங்கள். கோல்ஃப் குடியிருப்புகளில் இவை கொஞ்சம் கெடுபிடி. பின்வேலி இடுப்பு உயரத்துக்கு மேல் கூடாது, வெளிச்சுவருக்கு இந்த நிறம்தான், திடல் பக்கம் துணி காயப்போடக்கூடாது என்றெல்லாம் இருக்கும். அதற்கெல்லாம் பழகிவிடலாம். நம் வீடுகளுக்கு இடிக்கும் இடம் வேறு. போர்ச்சுக்கு வெளியே கூடாரம் போடலாமா? தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்புக்கு ஒரே நாளில் நாற்பது கார் வந்தால் எங்கே நிறுத்துவது? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் சாலையில் நாற்காலி போட விடுவார்களா? கடைசிக் கேள்வியைக் கேட்க யாருக்கும் நாக்கு வராது. கேட்டுவிடுங்கள். எங்கள் நிர்வாகம் மூன்று நாளுக்கு அனுமதிக்கிறது, மனு வேண்டும் என்கிறது. வேறு ஒரு இடத்தில் சமூக மண்டபத்துக்குப் போகச் சொல்கிறார்கள் என்று கேள்வி.

கிளப் உறுப்பியம்

வீடு வாங்கினால் கிளப்பில் சேர்ந்துவிட்டோம் என்று அர்த்தமில்லை. சில இடங்களில் மேம்பாட்டாளர் முதல் வாங்குநருக்கு உறுப்பியத்தைச் சேர்த்துக் கொடுத்திருப்பார். அது உங்களுக்கு மாறுமா, மாற்றுக் கட்டணம் எவ்வளவு, மாதச் சந்தா எவ்வளவு, உறுப்பியம் எந்த வருஷத்தோடு முடிகிறது என்பதைக் கிளப்பிடமே எழுத்தில் கேளுங்கள். கோல்ஃப் ஆடாதவர்கள் சமூக உறுப்பியம் எடுத்தால் நீச்சல் குளமும் சாப்பாட்டுக்கூடமும் கிடைக்கும். சத்தியமாகச் சொல்கிறேன், நான் ஒரு பந்துகூட அடித்ததில்லை. சந்தாவை மிச்சம் பிடித்துப் பின்கதவைத் திறந்துவைத்து, மற்றவர்கள் அடிப்பதைத் தேநீரோடு பார்க்கிறேன்.

கையில் எவ்வளவு இருக்க வேண்டும்

900,000 ரிங்கிட் வீடு, ஏற்கெனவே ஒருவர் குடியிருந்தது, வாங்குபவர் மலேசியக் குடிமகன் என்று வைத்துக்கொள்வோம். முதல் இரண்டு வீட்டுக்கு 90 சதவீதம் வரை கடன் கிடைக்கலாம், மூன்றாவதற்கு 70 சதவீதம்தான். ஆகவே முன்பணம் 90,000. வழக்கமாக விலைக்கடிதத்தில் கையெழுத்துப் போடும்போது 2 அல்லது 3 சதவீதம், மீதியை ஒப்பந்தத்தின்போது.

இதோடு நின்றுவிடும் என்று நினைத்துத்தான் பலர் திணறுகிறார்கள். பெயர் மாற்ற முத்திரை வரி, முதல் 100,000-க்கு 1 சதவீதம், அடுத்த 400,000-க்கு 2, அதற்கு மேல் ஒரு மில்லியன் வரை 3. கூட்டினால் 21,000. கடன் 810,000, அதன் முத்திரை வரி அரைச் சதவீதம், 4,050. லாயர் கட்டணம் முதல் 500,000-க்கு 1.25 சதவீதம், மேலே 1 சதவீதம். விற்பனை ஒப்பந்தத்துக்கு 10,250, கடன் ஒப்பந்தத்துக்கு 9,350, இரண்டுக்கும் 8 சதவீதச் சேவை வரி. எல்லாம் சேர்த்து 46,000 தாண்டிவிடும். மதிப்பீட்டாளர் கட்டணமும் சில்லறைச் செலவும் இதற்கு வெளியே. முன்பணத்தோடு சேர்த்து ஒரு 140,000 கையில் இல்லாமல் 900,000 வீட்டைத் தொடாதீர்கள். சேமநிதியிலிருந்து வீட்டுக்காக எடுக்கலாம், ஆனால் அந்தப் பணம் ஒப்பந்தம் போட்ட பிறகுதான் வரும். முன்பணத்துக்கு அதை நம்பினால் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள்.

35 வருஷம், 4 சதவீத வட்டி என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 3,590. அதன் மேல் பராமரிப்பு, வருஷத்துக்கு இரண்டு தடவை வீட்டு வரி, ஒரு தடவை நிலவரி, கழிவுநீருக்கான இண்டா வாட்டர் கட்டணம். வெள்ளம் சாதாரணத் தீக்காப்புறுதியில் வராது, தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். ஏரிக்கரையில் அதைச் சேர்க்காமல் தூங்காதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வேலைக்கு வந்து குடியுரிமை இல்லாமல் வாங்க நினைப்பவர்களுக்குக் கணக்கு வேறு. கோலாலம்பூரில் ஒரு மில்லியனுக்குக் கீழே வாங்க முடியாது, அரசு ஒப்புதலும் வேண்டும். சிலாங்கூரில் இன்னும் இறுக்கம். முத்திரை வரி 2024-இல் ஒரே வீதமாக 4 சதவீதமானது, 2026 முதல் வீடுகளுக்கு 8 சதவீதம்.

தாள் வேலை

ஏஜெண்டின் கழுத்தட்டையில் பதிவு எண் இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். அவருக்குக் கமிஷன் கொடுப்பவர் விற்பவர், நீங்கள் அல்ல. லாயர் உங்கள் லாயராக இருக்கட்டும், விற்பவருடைய லாயரே இருவருக்கும் பார்த்துவிடுவார் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மலாய்க்காரர்களுக்கும் பிற பூர்வகுடிகளுக்கும் ஒதுக்கிய பூமிபுத்ரா லோட் என்று பட்டாவிலோ மேம்பாட்டாளர் பதிவிலோ இருந்தால் விலை கவர்ச்சியாக இருக்கும், நமக்கு ஆகாது. குத்தகை நிலம் என்றால் பெயர் மாற்ற மாநில அரசின் ஒப்புதல் வரவேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். அறுபது வருஷத்துக்குக் கீழே மிச்சமிருந்தால் வங்கிகள் முகம் சுளிக்கும்.

ஒப்பந்தத்துக்குப் பிறகு மீதி 90 சதவீதத்தைக் கட்ட வழக்கமாக மூன்று மாதம், வட்டியோடு இன்னும் ஒரு மாதம். இடையில் கேவியட், அதாவது பட்டாவில் தடைக் குறிப்பு, போடச் சொல்லுங்கள், விற்பவர் வேறு யாருக்கும் கைமாற்ற முடியாது. விலையில் 3 சதவீதத்தை உங்கள் லாயர் பிடித்துவைத்து, விற்பவரின் சொத்து ஆதாய வரிக்காக 60 நாளுக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டும், விற்பவருக்கு விலக்கு இருந்தாலொழிய. மறந்தால் தொல்லை வாங்கியவருக்கு. பராமரிப்புக் கட்டணத்தில் பழைய பாக்கி இல்லை என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும்வரை கடைசிப் பணத்தை விடக்கூடாது. என் விஷயத்தில் அந்தக் கடிதத்தைக் கேட்க எல்லோரும் மறந்தார்கள், நானும்தான். பதினான்கு மாதப் பாக்கிக்கான முதல் பில் என் பெயருக்கு வந்தது.

புதிதாகக் கட்டும் வீட்டை மேம்பாட்டாளரிடமிருந்தே வாங்கினால் பாதை சுலபம். தனிப்பட்டா வீட்டுக்கு 24 மாதம், ஸ்ட்ராட்டாவுக்கு 36 மாதம் கெடு, தாமதத்துக்கு விலையில் வருஷம் 10 சதவீதம் இழப்பீடு, சாவி கிடைத்ததிலிருந்து 24 மாதம் குறைகளைச் சரிசெய்யும் காலம். குறைகளை எழுத்தில் கொடுங்கள், படத்தோடு.

சாவி வாங்கும் நாள்

மின்சாரம், தண்ணீர் மீட்டர் எண்களைப் படம் எடுத்துவைத்து அன்றே பெயர் மாற்றத்துக்கு மனுப்போடுங்கள். வாசல் அட்டைகள் எத்தனை என்று எண்ணி வாங்குங்கள், குறைந்தால் ஒவ்வொன்றுக்கும் காசு. நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சுவதாக இருந்தால், வரப்போகிறவர்களின் கார் எண்களை முதல் நாளே காவல் சாவடியில் எழுதிக்கொடுத்துவிடுங்கள். நான் கொடுக்கவில்லை. ஜாகா நேப்பாளத்துக்காரர், பட்டியலில் இல்லாத யாரையும் விடக்கூடாது என்பது அவருக்கு உத்தரவு. கிள்ளானிலிருந்து வெற்றிலைத் தட்டோடு வந்த என் சின்னம்மா வாசலில் நாற்பது நிமிஷம் காருக்குள் உட்கார்ந்திருந்தார். அவர் உள்ளே வந்தபோது பால் பொங்கி, ஆறி, ஏடு கட்டியிருந்தது.